நான்காம் படிக்குக் கீழே

சமையலறைத் தரைக்கு அடியில் வாளி ஒன்று விழுந்து உருண்டது.

கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த லெத்தீசியாவின் கை நின்றது. உருண்ட வாளி எதிலோ முட்டி ஓய்ந்தது. அதன் பிறகு கீழே ஆள் சத்தமே இல்லை.

முப்பது வருடக் குடித்தனத்தில் சவேரியோவின் கையிலிருந்து எது விழுந்தாலும் கூடவே ஒரு கெட்ட வார்த்தையும் விழும். சுத்தியலுக்கு ஒன்று, டைல்ஸுக்கு ஒன்று, தேவாலயத்தில் ஜெபப் புத்தகம் விழுந்ததற்குக்கூட ஒன்று. இன்று வாளி மட்டும்தான் விழுந்தது. வார்த்தை வரவில்லை.

"சவேரியோ!"

குதிகாலால் தரையை ஓங்கி மிதித்தாள்.

"ஏய், காதுல விழுதா இல்லையா? காப்பி ஆறுது!"

பதில் இல்லை. கீழே எட்டுத் தொட்டித் திராட்சைச் சாறும் பொங்கும் 'ஸ்ஸ்ஸ்' என்ற இரைச்சல் மட்டும், தகரக் கூரையில் தூறல் விழுவதுபோல, விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

காலையில் தான் செய்த காரியம் அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கத்தியைக் கீழே போட்டாள்.

ஆஸ்திரேலியாவில், அடிலெய்டின் மலையடிவாரத் தெரு அது. இத்தாலியின் கலாப்ரியாவிலிருந்து வந்தவர்கள் பாதித் தெருவை நிரப்பியிருந்தார்கள். ஏப்ரல் வந்தால் வீட்டுக்கு வீடு திராட்சை நசுக்குவார்கள். யாரும் விற்பதற்காகச் செய்வதில்லை. குடிக்க, கொடுக்க, பக்கத்து வீட்டான் ஒயினைவிடத் தன் ஒயின் ஒசத்தி என்று வருடம் பூராவும் சண்டை போட. சவேரியோ வழக்கமாக முப்பது கிரேட் திராட்சை எடுப்பான். இந்த வருடம் ஆற்றங்கரைத் தோட்டக்காரர் ஒருவரின் ஷிராஸ் திராட்சை விளைச்சலை ஒயின் ஆலை வேண்டாமென்று சொல்லிவிட்டது. "கொடியிலேயே கருகுறதுக்குப் பதிலா நீ அள்ளிட்டுப் போப்பா" என்றார் அவர். சவேரியோ டைல்ஸ் ஏற்றும் லாரியை மூன்று தடவை ஓட்டினான். ஒன்றரை டன்.

"இது பொழுதுபோக்கா, ஃபேக்டரியா?" என்று லெத்தீசியா கேட்டாள்.

"இது காதல்டீ" என்றான் அவன்.

வீட்டுக்கு அடியில் தோண்டிய நிலவறையில் மூன்று தொட்டி இருந்த இடத்தில் எட்டுத் தொட்டி ஏறியது. நடுவில் ஒருவர் பக்கவாட்டில் நடக்கத்தான் இடம். தினமும் மூன்று வேளை அவன் இறங்கிப்போய், மேலே மிதந்து கட்டிதட்டும் திராட்சைத் தோலை நீண்ட மர மத்தால் அமுக்கிவிட்டு வருவான்.

செவ்வாய்க்கிழமை கோசிமோ வந்தான். பக்கத்து வீடு. இவர்கள் மகளுக்கு ஞானத்தகப்பன். அந்த உறவில் அவனை இருவரும் கும்பாரே என்பார்கள். அவன் லெத்தீசியாவைக் கும்மாரே என்பான். அவனும் ஒயின் போடுகிறவன்தான். இரண்டு தொட்டிகளின் துணியை விலக்கினான், மோந்தான், விரலை விட்டு நக்கினான்.

"என்னா நிறம்யா இது! இந்தத் தெருவுல எவன்கிட்டயும் இப்பிடி ஒண்ணு கிடையாது."

சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

குழந்தையைப் பார்த்தாலும், கொழுத்த பன்றியைப் பார்த்தாலும், பொங்குகிற ஒயினைப் பார்த்தாலும், அழகென்று வாயால் சொன்ன கையோடு 'கடவுள் காக்கட்டும்' என்று சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். அது அவர்கள் ஊர் வழக்கம். சொல்லாமல் விட்டால் கண்ணின் விஷம் அங்கேயே தங்கிவிடும். கோசிமோ சொல்லவில்லை. லெத்தீசியா கவனித்தாள்.

மறுநாள் இரண்டு தொட்டிகள் பொங்குவதை நிறுத்திவிட்டன.

அவள் தட்டில் தண்ணீர் ஊற்றி, மனதுக்குள் ஜெபத்தைச் சொல்லி, ஆலிவ் எண்ணெயை மூன்று சொட்டு விட்டாள். சொட்டு முழுசாக நிற்கவில்லை. சிதறி, தட்டின் ஓரத்துக்கு ஓடியது. கண் பட்டதற்கு அதுதான் அடையாளம்.

"பாத்தியா?"

"மலைக்காத்து நேத்து குளிர்ந்து அடிச்சுதுடீ. குளிர்ந்தா நிக்கும்" என்றான் சவேரியோ.

"குளிரு எட்டுத் தொட்டிக்கும்தானே? அவன் விரலை விட்ட ரெண்டு மட்டும் ஏன் நின்னுச்சு?"

அவன் மத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினான்.

வியாழன் காலை அவளே கடைக்குப் போய் இடுக்கு அடைக்கும் ஃபோம் டப்பா வாங்கி வந்தாள். நிலவறைக்குத் தரைமட்டத்தில் இரண்டு காற்றுத்துளைகள். ஒன்று தோட்டத்துப் பக்கம், இன்னொன்று கோசிமோ காரைக் கழுவுகிற பாதைப் பக்கம். குனிந்தால் தொட்டி தெரியும். இரண்டையும் நிரப்பி அடைத்தாள். ஃபோம் பொங்கி, மஞ்சள் ரொட்டி மாதிரி இறுகியது.

"இறங்குறப்ப உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்க. அவன் பாட்டுக்குத் தள்ளிக்கிட்டு வருவான்."

"எனக்கும் சேத்து ரெண்டு சொட்டு ஃபோம் அடிச்சிரு" என்று சிரித்துக்கொண்டே இறங்கினான்.

அடைத்த வெதுவெதுப்பில் நின்றுபோன இரண்டும் மதியத்துக்குள் மறுபடி பொங்க ஆரம்பித்தன. எட்டும் ஒரே மூச்சில் இரைந்தன. லெத்தீசியாவுக்கு அப்படி ஒரு திருப்தி. மாலைக் காப்பிக்கு முன்னால் தோலை அமுக்கிவிட்டு வர அவன் மறுபடி இறங்கினான்.

சாறு பொங்கும்போது காற்று வெளியேற வழி வைக்க வேண்டும் என்பது அந்தத் தெருவில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். பொங்குகிற சாறு விடும், மூச்சை அடைக்கும் வாயுவுக்கு நிறமில்லை. அது கனம், தண்ணீர் மாதிரி தரையிலிருந்து மேலே மேலே நிரம்பும். சவேரியோ மூன்று தொட்டிக் காலத்துத் துணிச்சலில் சிரித்துவிட்டு இறங்கினான். லெத்தீசியாவுக்கும் தெரியாததல்ல. கண்ணுக்குப் பயந்ததில் காற்றை மறந்துவிட்டாள்.

வீட்டைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். பக்கவாட்டில் நிலவறைக் கதவு. தள்ளினாள். அசையவில்லை. உள்தாழ்ப்பாள். அவள் சொன்னபடியே போட்டிருந்தான்.

"சவேரியோ! திற! விளையாடாதே, திற!"

கதவிடுக்கில் முகத்தை வைத்தாள். சோடா பாட்டிலைத் திறந்ததும் மூக்கில் ஏறுமே, அந்தக் காரம் சுரீரென்று ஏறியது. தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். போனில் அவசர எண்ணை அழுத்திய விரல் இரண்டு தடவை வழுக்கியது.

மறுமுனையில் ஒரு பெண்குரல் நிதானமாகக் கேட்டது. முகவரி. எத்தனை பேர் உள்ளே. என்ன ஆயிற்று.

"ஒயின்... ஒயின் போட்டிருக்கோம். வீட்டுக்காரர் உள்ளே இருக்கார். பேச மாட்டேங்கிறார்."

"வண்டி கிளம்பிடுச்சும்மா. பன்னெண்டு நிமிஷம் ஆகும். கதவைத் திறக்க முடிஞ்சா திறங்க. ஆனா யாருமே உள்ளே இறங்கக் கூடாது. புரியுதா? யாருமே."

பன்னிரண்டு நிமிடம்! கதவை உடைக்க ஓர் ஆண் வேண்டும். கடப்பாரை வேண்டும். அவள் வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். எந்தக் கண்ணுக்குப் பயந்து எல்லாவற்றையும் அடைத்தாளோ, அந்தக் கண்ணுக்குச் சொந்தக்காரன் தக்காளிக் கொடிகளைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தான்.

"கும்பாரே! ஓடி வா! கடப்பாரை எடுத்துக்கிட்டு ஓடி வா!"

கோசிமோ ஏனென்று கேட்கவில்லை. நூற்றுப்பத்து கிலோ மனிதன் இடுப்புயர வேலியை எப்படித் தாண்டினான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. ஒரு செருப்பு வேலியிலேயே மாட்டிக்கொண்டது. கடப்பாரையைக் கதவிடுக்கில் கொடுத்து உடம்பு மொத்தத்தையும் அதன்மேல் சாய்த்தான். தாழ்ப்பாள் திருகாணியோடு பிய்ந்தது.

கதவு திறந்தது.

பத்துப் படிகள். கீழே ஒற்றை பல்பு எரிந்துகொண்டிருந்தது. சவேரியோ குப்புறக் கிடந்தான். ஏறி வர முயன்றிருக்கிறான். கால்கள் இருட்டில். ஒரு கை நீண்டு, முகம் மேலிருந்து நான்காவது படியில் பதிந்திருந்தது.

"சவேரியோ!" கோசிமோ ஒரே தாவில் முதல் படியில் கால் வைத்தான்.

லெத்தீசியா அவன் பெல்ட்டைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் பிடித்தாள்.

"இறங்காதே!"

"விடு கும்மாரே! இதோ இருக்கான், கையை நீட்டினா எட்டும்!"

"எட்டும். குனிஞ்சதும் நீயும் விழுவே. லைட்டரை எடு! லைட்டரைக் கொளுத்திக் கீழே காட்டு!"

அவன் லைட்டரைக் கொளுத்தினான். முதல் படியில் சுடர் நிமிர்ந்து நின்றது. இரண்டாவதில் குறுகியது. இன்னும் கொஞ்சம் குனிந்து கையை நீட்டினான். காற்றே இல்லாத இடத்தில், யாரோ இரண்டு விரலால் கிள்ளியதுபோல், சுடர் பட்டென்று அணைந்தது. மறுபடி தட்டினான். மறுபடி அணைந்தது.

அந்தச் சுடர் செத்த இடத்துக்கு ஒரு முழம் கீழே சவேரியோவின் மூக்கு இருந்தது.

கோசிமோவின் முகம் வெளுத்தது. பின்பக்கமாகவே ஏறி வெளியே வந்து சுவரில் சாய்ந்தான்.

போனிலிருந்து குரல் கேட்டது. "காத்து போக ஜன்னல் ஏதாவது இருக்காம்மா?"

"இருந்துச்சு" என்றாள் லெத்தீசியா. "அடைச்சிட்டேன்."

"அடைச்சியா?" கோசிமோ திரும்பினான். "பொங்குற நேரத்துல எந்தப் பைத்தியம் துளையை அடைக்கும்? ஏன் அடைச்சே?"

பொய் சொல்ல நேரமில்லை.

"உனக்குப் பயந்துதான். உன் கண்ணுக்கு. செவ்வாக்கிழமை நீ பாத்துட்டுப் போனே. காக்கட்டும்னு சொல்லாமப் போனே."

கோசிமோ அவளைப் பார்த்தான். அந்த ஒரு விநாடியில் முப்பது வருடப் பழக்கம் அறுந்துவிடும் என்றுதான் அவள் நினைத்தாள்.

"உன்னை அப்புறமா வந்து திட்டிக்கிறேன்" என்றான். "என் பாதைப் பக்கம் இருக்கிற துளைதானே?"

கடப்பாரையோடு ஓடினான்.

லெத்தீசியா தனியாக நின்றாள். நான்கு படி. நாலே நாலு. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு இறங்கினால்? அவன் தலைமுடி தெரிந்தது. போன வாரம் அவள்தான் வெட்டிவிட்டாள், காதுக்கு மேல் கோணலாக. அவன் முதுகு அசைகிறதா என்று பார்த்தாள். அசைவதுபோல் இருந்தது. இல்லாததுபோலும் இருந்தது. அவளை அறியாமல் ஒரு கால் வாசலைத் தாண்டியிருந்தது. அதைப் பார்த்தபோது அது வேறு யாருடைய காலோ போலிருந்தது. கதவுச் சட்டத்தை நகம் பதியப் பற்றிக்கொண்டு, அந்தக் காலை இழுத்து வெளியே வைத்தாள்.

"அம்மா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"இறங்கலையே?"

"இறங்கலை." அவள் பற்கள் கிட்டின. "சீக்கிரம் வரச் சொல்லுங்க. தயவு பண்ணிச் சீக்கிரம்."

உள்ளே சுவரின் உச்சியில் 'மடார்' என்று ஓர் அடி. இன்னொன்று. மஞ்சள் கட்டி உதிர்ந்து தொட்டிக்குள் விழுந்தது. ஒரு கோடு வெயில் நிலவறைக்குள் சாய்வாகப் பாய்ந்தது.

கோசிமோ திரும்பி வந்தபோது தோளில் இலைச் சருகு ஊதும் மெஷின் தொங்கியது. வாசலில் மண்டியிட்டு, குழாயைப் படிகளை நோக்கிப் பிடித்து விசையை இழுத்தான். தெருவே அதிரும் உறுமலோடு காற்று படிகளில் இறங்கியது. சவேரியோவின் சட்டை படபடத்தது. தொட்டிகளின் மேல் போட்டிருந்த துணிகள் பேய்போல் எழும்பி விழுந்தன.

"பத்தாது!" கோசிமோ கத்தினான். "கலையுது, ஆனா கீழேருந்து நிரம்பிக்கிட்டே இருக்கு. இவனை மேலே இழுக்கணும்!"

கிரேட் அடுக்குகளை இழுக்கும் இரும்புக் கொக்கி கதவோரம் சாத்தியிருந்தது. ஆள் உயர நீளம். லெத்தீசியா எடுத்தாள். வாசலில் குப்புறப் படுத்துக் கொக்கியை இறக்கினாள். சவேரியோ போட்டிருந்தது வேலைக்கான டங்கரி, தோளில் பட்டை வைத்த முழுக் கால்சட்டை. அதன் பட்டைகள் முதுகில் பெருக்கல் குறிபோல் குறுக்கிட்டிருந்தன. கொக்கி ஒருமுறை வழுக்கியது. இரண்டாம் முறை அவன் தோள்பட்டையைக் கீறியது. அவன் முனகக்கூட இல்லை. மூன்றாம் முறை பட்டைக்குள் நுழைந்தது.

"மாட்டிடுச்சு! பிடி!"

கோசிமோ மெஷினைக் கிடத்தி, ஓடவிட்டபடியே, கொக்கியின் பிடியைப் பற்றினான். இருவரும் இழுத்தார்கள். உடம்பு ஒரு படி ஏறியது. முகம் படியின் விளிம்பில் உரசி ரத்தம் கோடிட்டது.

இன்னொரு இழுப்பு. 'டர்ர்' என்று ஒரு பட்டை கிழிந்தது.

உடம்பு சரிந்தது. ஒரே பட்டையில் தொங்கியது.

"இன்னொரு தடவை இழுத்தா அதுவும் போயிரும்" என்றான் கோசிமோ. குரல் அழுதது.

லெத்தீசியா எழுந்தாள். வெளியே இரண்டடி தள்ளிப்போய் மூன்று முறை ஆழமாக மூச்சிழுத்தாள். நான்காவதை நெஞ்சுக்குள் பூட்டிக்கொண்டாள். வாசலில் குப்புறப் படுத்து, தலைகீழாகப் படிகளில் சரிந்தாள். கோசிமோ புரிந்துகொண்டு, கொக்கியை ஒரு கையிலும் அவள் கணுக்காலை இன்னொரு கையிலும் பிடித்தான்.

கண்கள் எரிந்தன. காதுக்குள் அவள் இதயமே தொட்டிபோல் இரைந்தது. அவன் மணிக்கட்டு கைக்குக் கிடைத்தது. ஈரம். சில்லென்றிருந்தது. திராட்சைச் சாறா, ரத்தமா தெரியவில்லை. இரண்டு கையாலும் பூட்டுப்போட்டுக்கொண்டாள். மூச்சு விடு, விடு, விடு என்று நெஞ்சு உதைத்தது. வாயைத் திறக்கவில்லை. காலை உதறினாள்.

கோசிமோ இழுத்தான்.

மூவரும் பழைய துணி மூட்டைபோல் புல்லில் வந்து விழுந்தார்கள்.

சவேரியோவின் முகம் பழுக்காத அத்திப்பழத்தின் நிறத்தில் இருந்தது. உதடு நீலம்.

"மூச்சு இருக்காம்மா?" போன் கேட்டது.

லெத்தீசியா அவன் வாயருகே கன்னத்தை வைத்தாள்.

"இல்லை."

"நெஞ்சு நடுவுல ரெண்டு கையையும் வச்சு அழுத்துங்க. நான் எண்ணுறேன். வேகமா. பலமா."

ஒன்று, இரண்டு, மூன்று. அவன் மேல் ஏறி உட்கார்ந்து அழுத்தினாள். விலா எலும்பில் ஏதோ சடக்கென்றது. நிறுத்தவில்லை. கோசிமோ பக்கத்தில் முழந்தாளிட்டு மாதாவை ஒருமுறையும் சவேரியோவை ஒருமுறையும் மாறிமாறித் திட்டினான். இருபத்தேழு. இருபத்தெட்டு.

அடைத்த குழாயில் தண்ணீர் இறங்குவதுபோல் ஒரு சத்தம். சவேரியோவின் தொண்டை. அவன் உடம்பு வில்லாக வளைந்தது. ஒருக்களித்துப் புல்லில் வாந்தியெடுத்தான். கை காற்றில் துழாவி, அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டது. விடவில்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து விரல் விரலாகப் பிரித்தார்கள்.

தீயணைப்புப் பெண் ஒருத்தி, முகமூடியோடு இறங்கி வாயு அளக்கும் கருவியை நீட்டிப் பார்த்துவிட்டு ஏறி வந்தாள். லெத்தீசியாவிடம் மெல்லச் சொன்னாள்: "தரையில நின்னிருந்தா ரெண்டே மூச்சு. இவ்வளவு தூரமாவது ஏறினாரே, அதான் பிழைச்சார்."

ஞாயிற்றுக்கிழமை.

நிலவறைக் கதவைக் கழற்றி எடுத்தாயிற்று. இரண்டு துளையும் திறந்து கிடந்தன. வாசலில் ஒன்று, துளையில் ஒன்று என்று இரண்டு பெரிய மின்விசிறிகள் வெள்ளி காலையிலிருந்து ஓடுகின்றன. சாறு பொங்குவதும் அடங்கிவிட்டது. ஒரு விலா எலும்பு விரிசலோடு சவேரியோ வீட்டுக்கு வந்திருந்தான்.

"இன்னைக்குத் தோலைப் பிரிச்சுப் பிழியலைன்னா எல்லாம் வினிகராயிரும்" என்றான்.

"ஆகட்டும். ஆயிரம் லிட்டரையும் சாலட்டுக்கு ஊத்திக்கிறேன்."

"நீ கோயிலுக்குப் போன நேரம் பாத்து நான் இறங்குவேன்."

இறங்குவான். அவளுக்கு அவனைத் தெரியும். ஒன்றரை டன் காதல்.

"நான் இறங்குறேன்" என்றான் கோசிமோ.

"நீ விழுந்தா உன்னை யாரு இழுக்கிறது? கிரேன் வருமா? நான்தான் எடை கம்மி."

இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டாள். மறுமுனை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்த சவேரியோவின் கையில். அவனுக்குப் பின்னால் கோசிமோ. லெத்தீசியா கண்ணாடிக் குவளைக்குள் மெழுகுவத்தி ஏற்றி, கம்பியில் தொங்கவிட்டுத் தனக்கு முன்னால் இறக்கினாள்.

"பேசிக்கிட்டே இறங்கு" என்றான் சவேரியோ. அவன் முகம் வெயிலிலும் வெளிறியிருந்தது. "பேச்சு நின்னா இழுத்துருவேன்."

"என்ன பேசறது?"

"என்னைத் திட்டு. அதுக்குத்தான் உனக்குப் பஞ்சமே கிடையாதே."

முதல் படி. "ஒன்றரை டன்னு! எவனாவது ஒன்றரை டன் எடுப்பானா? பேராசை பிடிச்ச மனுஷன்." சுடர் நிமிர்ந்து நின்றது. இரண்டாவது படி. "எங்க அம்மா அப்பவே சொன்னா, தபால்காரனைக் கட்டிக்கன்னு." மேலே கோசிமோ கொக்கரித்தான். மூன்றாவது. "தபால்காரன் வீட்டுல நிலவறையா இருக்கு? நிம்மதியா இருந்திருப்பேன்..."

நான்காவது படியில் கால் வைத்தாள். சிமெண்ட்டில் பழுப்பாக ஒரு கறை. சாறு இல்லை. அவன் கன்னம் பதிந்திருந்த இடம்.

சுடர் அசையாமல் எரிந்தது. காற்று நன்றாக இருந்தது. அவளால் மூச்சுவிட முடிந்தது. ஆனால் தபால்காரன் கதை பாதியில் நின்றுபோயிருந்தது. கண் அந்தக் கறையை விட்டு நகரவில்லை.

இடுப்பில் கயிறு வெடுக்கென்று இறுகியது. அவள் பின்னால் தூக்கி எறியப்பட்டதுபோல் இரண்டு படி மேலே போய் உட்கார்ந்தாள்.

"லெத்தீசியா!" மேலே நாற்காலி சாய்ந்து விழுந்தது. "லெத்தீசியா!"

அவன் குரல் அப்படிப் பிளந்து அவள் கேட்டதே இல்லை.

"இருக்கேன்! இருக்கேன்டா! இழுக்காதே, விலா பிஞ்சிரும் உனக்கு!"

"ஏன் நிறுத்தினே? ஏன் பேச்சை நிறுத்தினே?"

"மூச்சு வாங்கினேன்."

மேலே அவன் அழுவது கேட்டது. அவள் சரியாக எரிகிற சுடரை இன்னொரு முறை பார்த்தாள். குவளையின் கம்பியை இறுகப் பிடித்து எழுந்தாள்.

"தபால்காரன் பேரு என்ன தெரியுமா உனக்கு?" என்று சத்தமாக ஆரம்பித்து மறுபடி இறங்கி, கறையைத் தாண்டி ஐந்தாவது படியில் கால் வைத்தாள்.